மங்குக்கும் கரும்புள்ளிக்கும் லேசர்: இரண்டு கோடைகளுக்குப் பின் என் அனுபவம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் வேலை பார்ப்பவர்களின் தோலில் வெயிலும் மாம்பாலும் தடம் பதிக்காமல் விடுவதில்லை. எனக்கு வலக் கன்னத்தில் விளிம்பு தெளிவாகத் தெரியும் ஒரு பழுப்புப் புள்ளியும், இரு கன்னமேடுகளிலும் மங்கு என்னும் படர்ந்த பழுப்புத் திட்டும், காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சியடித்த பால் முன்கையைச் சுட்டதால் வந்த கறுப்பும் இருந்தன. ஓசூரில் ஒரு தோல் மருத்துவரிடம் லேசர் செய்துகொண்டு இரண்டு கோடைகள் கடந்துவிட்டதால், இப்போது எழுதுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். சிகிச்சை முடிந்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகவே இருந்திருக்கும்.

லேசர் ஒளியை மெலனின் நிறமி உறிஞ்சிக்கொள்வதால் நிறமித் துகள்கள் உடைகின்றன. உடைந்தவற்றை உடல் மெல்ல அப்புறப்படுத்துகிறது. ஆனால் நம் மாநிறத் தோலில், திட்டைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் மெலனின் மிகுதி என்பதால், ஆற்றல் சற்றுக் கூடினாலும் அந்த இடம் புண்பட்டு முன்பைவிடக் கறுத்துவிடக்கூடும். அதனால்தான் மருத்துவர் முதலில் காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரங்கள் காத்திருந்த பிறகே கன்னத்தைத் தொட்டார். அழகு நிலையம் ஒன்றில் இதே வேலையை ஐ.பி.எல். எனப்படும், பல அலைநீளங்கள் கலந்த தீவிர ஒளித் துடிப்பால் அன்றைக்கே முடித்துத் தருவதாகச் சொன்னபோது நான் மறுத்ததற்கும் காரணம் இதுதான்.

புள்ளிக்கு 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியை மருத்துவர் பயன்படுத்தினார். தாளிக்கும்போது கடுகு தெறித்துக் கையில் பட்டாற்போல் சுருக்கென்றது; புள்ளி உடனே வெளுத்தது, பிறகு கறுத்துப் பொருக்குக் கட்டியது. அதைக் கிள்ளாமல் விட்டதில் ஒரு வாரத்தில் தானாகவே உதிர்ந்தது. அந்தப் புள்ளி இன்றுவரை திரும்பவில்லை.

மங்கின் கதை வேறு. அதற்குத் தோலில் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் ஒளியைக் குறைந்த ஆற்றலில், பல அமர்வுகளாகச் செலுத்தினார்கள். கன்னம் நன்றாகவே தெளிந்தது. ஆனால் மாங்காய்ப் பருவத்தில் தோப்பில் நின்றதும் பழைய இடத்திலேயே நிறம் ஏறத் தொடங்கியது. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நிறமியைத்தான் லேசர் உடைக்கிறது. வெயிலுக்கும் ஹார்மோன் மாற்றத்துக்கும் தூண்டப்பட்டு நிறமியை மிகையாகச் சுரக்கும் செல்களின் இயல்பை அது மாற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனுக்கு மருத்துவர் மாற்றினார். தோப்பில் இருக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அதைப் பூசி, அகன்ற தொப்பியும் அணிந்ததால், இரண்டாவது கோடையில் மங்கு மிகக் குறைவாகவே கறுத்தது. இந்தப் பலனில் பெரும்பங்கை நான் சன்ஸ்கிரீனுக்கே கொடுப்பேன். மங்குக்காக மட்டும் வருபவர்கள் முதலில் சில மாதங்கள் இதையும் மருத்துவர் எழுதித் தரும் களிம்பையும் ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு லேசரைப் பற்றி யோசிக்கலாம்.

முன்கைக் கறுப்புக்கு லேசர் வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். முழுக்கைச் சட்டை போட்டு, மேலும் பால் படாமல் பார்த்துக்கொண்டதில் அது மெல்ல மங்கி, இப்போது தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. வருமானத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் பிறரையும் அனுப்புகிறேன். போகிறவர்கள் ஐப்பசி வாக்கில் தொடங்கினால், வெயில் ஏறுவதற்குள் அமர்வுகளை முடித்துத் தோல் ஆறவும் அவகாசம் கிடைக்கும்.