வரவேற்பறைக்குள் விறகடுப்பு: போடலாமா?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதோடு போகலாம்: அடுப்புக்கு ஐந்தில் நாலரை, விறகு விற்பவர்களுக்கு ஐந்தில் இரண்டு.

நாங்கள் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வெளியே, 70களில் கட்டிய மரவீட்டில். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றைப் போல வரவேற்பறைச் சுவரில் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்பு ஒன்று இருந்தது. பார்க்க அழகுதான், வீடு பார்க்க வந்த அன்றே மனைவி அதற்கு முன்னால் நின்றுவிட்டாள். ஆனால் சூடு? முன்னால் இருப்பவருக்கு முழங்கால் பொசுங்கும், முதுகு விறைக்கும். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் அறைக்குக் கிடைக்கும், மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும், போகிற போக்கில் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கி வைத்த அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அதை மூடிவிட்டு, அதே புகைபோக்கியில் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பைப் பொருத்தினோம். விறகின் சூட்டில் 75 சதவீதமாவது இப்போது வீட்டுக்குள் நிற்கிறது.

எந்தக் கம்பனி என்று எழுதப் போவதில்லை, அது இங்கே அவ்வளவு முக்கியமும் இல்லை. நோர்வேயில் 1998க்குப் பிறகு புதிதாகப் பொருத்தும் அடுப்பு எதுவானாலும் புகையைக் குறைத்து எரிக்கும் வகையாகத்தான் இருக்க வேண்டும். அதாவது விறகு எரிந்து வரும் புகைக்குள் இன்னும் எரியாத வாயு இருக்கிறது, அடுப்பின் மேற்பகுதியில் உள்ள துளைகள் வழியே சூடேறிய காற்று உள்ளே வந்து அந்த வாயுவையும் எரித்துவிடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் விறகைத் தொடாமல் மேலே தனியாக ஒரு சுவாலை அலையும். நான் பார்த்துக்கொண்டே இருப்பது அதைத்தான். பழைய அடுப்பு வைத்திருப்பவர்கள் மாற்றுவதற்குச் சில நகரசபைகள் உதவிப்பணமும் கொடுத்திருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

கடையில் எல்லோரும் பெரிதைத்தான் காட்டுவார்கள். வாங்காதீர்கள். எங்களுடையது ஆறு கிலோவாட், நடுத்தரமான வரவேற்பறைக்கும் அதோடு சேர்ந்த குசினிக்கும் தாராளம். பெரிய அடுப்பு வாங்கியவர்களுக்கு வீடு தாங்க முடியாத சூடாகிவிடும், உடனே காற்றுத் துவாரத்தை மூடி நெருப்பை அடக்குவார்கள், அடக்கிய நெருப்பு எரியாமல் புகையும், புகை குளிர்ந்த புகைபோக்கிக்குள் தாராகப் படியும். அந்தத் தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கியே உள்ளிருந்து எரியும், பிறகு தீயணைப்புக்கு, 110க்கு, அடிக்க வேண்டியதுதான். இரவு முழுக்கக் கனகனவென்று இருக்கட்டும் என்று காற்றை மூடிவிட்டுப் படுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. சின்ன அடுப்பு, சின்ன நெருப்பு, ஆனால் சுவாலையோடு எரிகிற நெருப்பு, அதுதான் சரி.

பொருத்துவதற்கு ஆன செலவைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். அடுப்பு, குழாய், கூலி எல்லாம் சேர்ந்து 30,000 குரோனரைத் தாண்டியது. அடுப்பின் முன்னால் எரியாத தட்டு குறைந்தது 30 சென்ரிமீற்றர் நீள வேண்டும், பின்சுவர் எரியாத சுவராக இல்லையென்றால் இடைவெளி விட வேண்டும், முடிந்தபின் தகுதியுள்ள ஒருவர் சரிபார்த்து எழுத்தில் தர வேண்டும், புகைபோக்கி பார்க்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் அறிவிக்க வேண்டும். வீட்டுக் காப்புறுதி இதையெல்லாம் கேட்கும் என்பதால் மச்சானை வைத்துச் சனிக்கிழமை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பற்ற வைப்பது நாம் ஊரில் செய்ததற்கு நேர்மாறு. ஊரில் அடியில் பொச்சு, ஊமல், பன்னாடை என்று எதையாவது வைத்து மேலே கொள்ளி அடுக்கி ஊதுகுழலால் ஊதுவோம். இங்கே பெரிய கட்டைகள் அடியில், அதற்கு மேலே சிறியவை, உச்சியில் சிராய், நெருப்பை உச்சியில்தான் வைக்க வேண்டும். மேலிருந்து கீழே மெல்ல இறங்கி எரியும்போது கீழிருந்து கிளம்பும் வாயு சுவாலைக்குள் போய் எரிந்துவிடும், புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகும், கதவைத் திறந்தாலும் முகத்தில் புகை அடிக்காது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைப் பார்த்துவிட்டுத் தலைகீழாக நெருப்பு வைக்கிற தேசம் என்று சொன்னார், ஐந்து நிமிடத்தில் அது தானாக எழும்பி எரிந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் உரித்து வைத்துக்கொண்டால் பத்திரிகைத் தாள்கூடத் தேவையில்லை, எண்ணெய்ப்பசை உள்ள பட்டை, ஈரமாக இருந்தாலும் பற்றும்.

இனி விறகு. நான் இதைத்தான் எழுத வந்தேன். நல்ல அடுப்பில் ஈர விறகை வைத்தால் அது கெட்ட அடுப்பு, சுமாரான அடுப்பில் காய்ந்த விறகை வைத்தால் அது நல்ல அடுப்பு, வேறுபாடு இவ்வளவுதான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் விறகின் சூடு தன் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே செலவாகிவிடும், கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துவிடும். முதல் குளிர்காலத்துக்கு இணையத்தில் ஒருவரிடம் "நன்கு காய்ந்தது" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பெரிய பை ஒன்று எடுத்தோம், ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தில் ஈரம் பார்க்கும் அளவியைக் குத்தினால் 28 சதவீதம் காட்டுகிறது. வெளிப்புறத்தில் குத்தினால் 17. விற்றவர் அந்த 17ஐத்தான் படம் எடுத்து அனுப்பினார். அப்புறம் எவ்வளவு எழுதியும் பதில் இல்லை. ஆகவே அளவி ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும், எப்போதும் புதிதாகப் பிளந்த முகத்தில் அளவுங்கள். அளவி இல்லாத இடத்தில் இரண்டு கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும்.

எந்த மரம் என்று வாதாடுபவர்களுக்கு ஒன்று. கிலோவுக்குக் கிலோ எடுத்தால் எந்த மரமும் கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் தரும். வேறுபாடு அடர்த்தியில். இடைவெளியே இல்லாத முழு மரமாக ஒரு கன மீற்றர் பேர்ச்சில் ஏறத்தாழ 2,650 கிலோவாட் மணி என்றால் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் 2,000 அளவுதான், எனவே ஸ்புரூஸை அதே விலைக்கு வாங்கினால் நட்டம், மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், காற்று குளிர்ந்திருக்கும் செப்டெம்பர் மாலைகளுக்கு அதுவே நல்லது, சீக்கிரம் எரிந்து முடியும், வீடு அவிந்துபோகாது. இன்னொரு வியாபாரத் தந்திரம் லீற்றர் கணக்கு. பைக்குள் கண்டபடி கொட்டிய 1,000 லீற்றரை ஒழுங்காக அடுக்கினால் 600 சொச்சம்தான் வரும். விலையை ஒப்பிடும்போது கொட்டியதா அடுக்கியதா என்று கேளுங்கள், கேட்டவுடன் குரல் மாறும்.

மின்சாரத்தை விட மலிவா? இல்லை, அல்லது எல்லா நேரத்திலும் அப்படியில்லை. 40 லீற்றர் பேர்ச் மூட்டையில் 40 கிலோவாட் மணிக்குச் சற்று மேல் சக்தி இருக்கிறது, அடுப்பு அதில் 30 சொச்சத்தை வீட்டுக்குத் தரும். பெட்ரோல் நிலையத்தில் அந்த மூட்டை நூறு குரோனருக்கு மேலே போகிறது, அப்படியானால் ஒரு யூனிட் மூன்று குரோனருக்கு மேல். 2021 கடைசியில் தென் நோர்வேயில் மின்விலை ஏறி அரசாங்கமே கட்டணத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கியபோது எல்லோரும் விறகுக்கு ஓடினார்கள், விறகு விலையும் கூடவே ஓடியது. 2025 ஒக்டோபரிலிருந்து விரும்புகிறவர்களுக்கு வரியோடு யூனிட்டுக்கு 50 ஓரே, அதாவது அரைக் குரோனர், என்ற நிலையான மின்விலை இருக்கிறது, அதற்கு மேலே மின்கம்பி வலையமைப்புக்கான கட்டணம் வந்தாலும்கூட மூட்டை விறகு அதோடு போட்டி போட முடியாது. ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் மின்கருவி) இருக்கிற வீட்டில் காசை மிச்சம் பிடிக்க விறகடுப்பு போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காட்டில் சொந்தமாக வெட்டிக்கொள்ள உரிமை உள்ளவர்களுக்கு வேறு கணக்கு.

பிறகு ஏன் நாலரை? வெளியே மைனஸ் இருபதில் ஹீட் பம்ப் மூச்சு வாங்கும்போது இந்த அடுப்பு ஒரு மணி நேரத்தில் வீட்டின் குரலையே மாற்றிவிடுகிறது. மின்சாரம் போனாலும் எரிகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு வாரம் தானாகச் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று 2024இல் இந்த நாட்டு அதிகாரிகள் வீடு வீடாகக் கையேடு அனுப்பினார்கள், அதைப் படித்தபோது எனக்கு விறாந்தையில் அடுக்கியிருந்த விறகைப் பார்த்துச் சற்று நிம்மதி வந்தது உண்மை. அதோடு அந்தச் சூடு வேறு விதமானது, ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், வார்ப்பிரும்பு உடம்பையும் சுவரையும் கதிரையையும் நேரே சூடாக்கும், நெருப்பு அணைந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் விடாது.

பிள்ளைகள் தங்கள் அறைகளை விட்டு வெளியே வருகிறார்கள், அதற்கு நான் தனி மதிப்பெண் போடவில்லை, போட்டிருந்தால் ஐந்தைத் தாண்டும். ரிவியை யாரும் கவனிப்பதில்லை. நோர்வேஜியர்களுக்கு இது புரியும், 2013 பெப்ரவரியில் அவர்களின் தேசியத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணி நேரம் ஒளிபரப்பியது, அதில் பெரும்பகுதி வெறும் எரிகிற நெருப்பு, அதற்கு வந்த முறைப்பாடு என்னவென்றால் விறகின் பட்டை மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதுதான். (அடுக்கும்போது கூரை இருந்தால் எப்படியும் வைக்கலாம், கூரை இல்லையென்றால் மேல்வரிசைக்குப் பட்டை மேலே.)

சமையலும் நடக்கும். சுவாலை அடங்கித் தணலாகிய பிறகு கத்தரிக்காயை அலுமினியத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தால் சம்பலுக்கு அச்சாவாக வேகும். கருவாடு சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: சுடலாம், புகைபோக்கி இழுத்துவிடும், ஆனால் கதவைத் திறந்து எடுக்கிற அந்த ஒரு நிமிடம் போதும், திரைச்சீலை ஒரு கிழமை மணக்கும்.

அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் வேலை. விறகை வெளியிலிருந்து உள்ளே சுமப்பது, பட்டைத்தூளைக் கூட்டுவது, சாம்பல் அள்ளுவது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, மரத்தரையில் அல்லாமல் கல்லில் வையுங்கள், உள்ளே கனன்று கொண்டிருக்கும் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். கண்ணாடிக்கு விலையுள்ள திரவம் எதுவும் வேண்டாம், ஈரத் தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், ஊரில் சட்டி பானை தேய்த்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குசினிப் புகைவாங்கியை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தால் அது புகைபோக்கியிலிருந்து புகையை அறைக்குள் இழுக்கும், குறிப்பாகக் காற்றுப் புகாதபடி புதிதாகக் கட்டிய வீடுகளில். யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு மூட்டுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கட்டாயம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அல்லது பக்கத்து வீட்டு யன்னல் உங்கள் புகைபோக்கிக்கு நேரே இருந்தால் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் கட்டிடத்தின் கூட்டுறவுச் சபையிடம் கேளுங்கள், புகைபோக்கி பொதுவானது. மற்றவர்களுக்குச் சரி. விறகை மட்டும் ஏப்ரலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பச்சையாக வந்தாலும் கோடை முழுவதும் காற்றும் வெயிலும் படும்படி அடுக்கினால் ஒக்டோபருக்குள் காய்ந்துவிடும், விலையும் குறைவு. முதல் பனி விழுந்த வாரத்தில் விறகு தேடுபவருக்கு என் அந்த 28 சதவீதக்காரர்தான் கிடைப்பார்.