கல் உடைந்தது, விளக்கம்தான் போதவில்லை

எனக்கு வலது சிறுநீரகத்தில் 9 மில்லிமீற்றர் கல். கத்தி வைக்காமல் அதிர்வலையால் உடைக்கலாம் என்று தெரிந்து, கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு தனியார் வைத்தியசாலையில் செய்துகொண்டேன். சிகிச்சை மிகத் திறம். வீட்டுக்கு அனுப்பிவைத்த விதம் சரியில்லை.

ஸ்கானைப் பார்த்த டொக்டர் ஆறுதலாகப் பேசினார். பொதுவாக 20 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கல்லுக்குத்தான் இது சரிவரும், மிக இறுகிய கல் உடையாமலும் போகலாம், சிறுநீரகத்தின் அடியில் கிடக்கும் கல் உடைந்தாலும் துகள் இலேசில் வெளியேறாது என்று முதலே சொன்னார். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறேனா, சலத்தில் கிருமி உண்டா என்றும் பார்த்தார்.

மேசையில் படுக்க வைத்து, நாரிப்பக்கம் ஜெல் பூசி, இயந்திரத்தின் தண்ணீர்ப் பையை அழுத்தி வைத்தார்கள். எக்ஸ்ரேயில் கல்லைக் குறிபார்த்து, மெதுவாகத் தொடங்கி, வரவரப் பலத்தைக் கூட்டினார்கள். உள்ளே யாரோ விரலால் விடாமல் சுண்டுவது போல இருந்தது. நோவுக்கு ஊசி போட்டதால் தாங்க முடிந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. 1980இல் மியூனிக்கில் முதன்முதலாகச் செய்தபோது நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்க வேண்டியிருந்தது.

ஆனால் இயந்திரம் கல்லை உடைப்பதோடு சரி. துகள் சலத்தோடு இறங்க வேண்டும், நோவே அதில்தான். அதைச் சொல்லாமல் அன்றிரவே பஸ் ஏறலாம் என்று விட்டுவிட்டார்கள். ஏ9 வீதியில் வவுனியா தாண்டியதும் விலாவிலிருந்து தொடைச்சந்து வரை இழுத்த இழுவையில் என்னால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை. விடிய சலம் சிவப்பாகப் போனது. ஓரிரு நாள் அப்படிப் போவது வழமை என்று எங்கள் ஊர்த் தாதி ஒருவர்தான் சொன்னார். காய்ச்சல், குளிர் வந்தாலோ சலம் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சலத்தை வடித்துத் துகளை எடுத்துக் கொடுத்தால் என்ன வகைக் கல் என்று பரிசோதிக்கலாம் என்பதையும் அவரே விளக்கினார். இதெல்லாம் எனக்குத் தந்த தாளில் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில்.

வன்னி வெயிலில் வயலில் நிற்பவர்களுக்கு வேர்வையாகவே தண்ணீர் போய்விடும், சலம் இறுகிக் கல் மறுபடி வரும். நாளுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் சலம் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அனுப்பினால் என்ன?

இங்கிருந்து போகிறவர்கள் அன்றிரவு கொழும்பிலேயே தங்குங்கள். அடுத்த ஸ்கான் எப்போது, நோ கூடினால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்பதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.