பழைய டிஎஸ்சி பேனலா, புது வயர்லெஸ் செட்டா?

டொராண்டோ, மார்க்கம் பக்கம் கொஞ்சம் பழைய வீடாக வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். பேஸ்மென்டில் பழைய திருட்டு அலாரத்தின் பேனல் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டி, வாசலோரம் ஒரு கீபேட். அதன் கோட் என்னவென்று யாருக்கும் தெரியாது. கழற்றிப் போட்டுவிட்டு ரிங் மாதிரி ஒரு வயர்லெஸ் செட் வாங்குவதா, இருப்பதையே ஓட்டுவதா? நான் பழையதையே வைத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வயர்லெஸ் செட்டின் நல்லது எல்லோருக்கும் தெரியும். ஒரு மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம், எல்லாம் போனில் தெரியும், வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

சொந்த வீடு, சுவருக்குள் ஏற்கெனவே வயர் ஓடுகிறது என்றால் கணக்கு வேறு. எங்கள் வீட்டில் இருப்பது டிஎஸ்சி பிசி1832. இங்கேயே கான்கார்டில் வளர்ந்த கம்பெனியின் சரக்கு. போர்டிலேயே 8 ஸோன் (கதவு, ஜன்னல், சென்சாரிலிருந்து வரும் தனித்தனி வயர் இணைப்பு), கூடுதல் கார்டு போட்டால் 32 வரை போகும். ஒவ்வொரு ஸோனின் கடைசியிலும் 5,600 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பச்சை, நீலம், சிவப்புக் கோடு போட்டது. பேனல் அந்த 5,600-ஐத் தேடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும், யாராவது வயரை வெட்டினாலும், இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினாலும் அளவு மாறிவிடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் பெட்டியைத் திறந்து பாருங்கள்: அந்த ரெசிஸ்டர்கள் எல்லாம் பேனல் டெர்மினலிலேயே வரிசையாகத் தொங்கினால், மாட்டியவர் சோம்பேறித்தனம் செய்திருக்கிறார். சென்சார் பக்கம் கம்பியை முறுக்கினால் அப்போது பேனல் கண்டுபிடிக்காது. அதை சென்சார் பக்கம் மாற்றுவது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைதான்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்பு. கதவுச் சட்டத்துக்குள் இருக்கும் ரீட் சுவிட்சுக்கு மின்சாரமே வேண்டாம். எதிரே ஒரு காந்தம் இருந்தால் போதும். மோஷன் சென்சாருக்கான 12 வோல்ட் பேனலிலிருந்தே வயரில் வருகிறது. ஆக முழு வீட்டுக்கும் ஒரே பேட்டரி: 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட். 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒரு பேட்டரி. எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தாலாவது பரவாயில்லை, ஒவ்வொன்றாகத்தான் கத்தும். குளிர்காலத்தில் ஜன்னலோரச் சில்லிப்பு வேறு.

அப்புறம், மூளை எங்கே இருக்கிறது என்பதும் பராமரிப்புதான். கூகுள் விற்ற நெஸ்ட் செக்யூர் என்ற அலாரம் செட் 2024 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. வாங்கியவர் வீட்டில் சாதனம் பழுதாகவில்லை. சர்வரை நிறுத்தினார்கள், கதை முடிந்தது. என் பெட்டிக்கு சைரன் அடிக்க யாருடைய சர்வரும் வேண்டாம்.

பழையதன் பெரிய ஓட்டை டெலிபோன். அது கண்காணிப்புக் கம்பெனியோடு லேண்ட்லைனில் டோன் அனுப்பிப் பேசும் காலத்துப் பொருள். லேண்ட்லைனை நிறுத்திவிட்டால் கீபேடில் மஞ்சள் டிரபிள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நட்சத்திரமும் 2-ம் அழுத்தினால் காரணம் எண்ணாக வரும்: 2 என்றால் கரன்ட் இல்லை, 3 என்றால் போன் லைன், 8 என்றால் கடிகாரம் போய்விட்டது. இன்டர்நெட் வழி போனில் அந்த டோன்கள் பல நேரம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. இதற்கு என்விசாலிங்க் என்ற சின்ன போர்டு இருக்கிறது. கீபேடின் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை நாலு கம்பியிலேயே இணைந்து, போனுக்குத் தகவல் அனுப்பும். நான் இதைத்தான் போட்டேன். மாதச் சந்தா கட்டி வெளியார் கண்காணிப்பு வைத்தவன் அல்ல, ஆகவே அந்தச் சேவைகளில் எது தேவலை என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் 2018 முதல் டொராண்டோ போலீஸ் வெறும் அலாரம் அடித்தது என்பதற்காக வருவதில்லை, கண்ணால் பார்த்த சாட்சியோ வீடியோவோ மாதிரி உறுதி கேட்கிறது. சந்தா கட்டும் முன் அதையும் நினைவில் வையுங்கள்.

புதிதாக ஒரு ஜன்னலைச் சேர்க்க வேண்டும் என்றால் மட்டும் வயர்லெஸ்ஸே ஜெயிக்கும். முடித்த சுவருக்குள் வயர் இழுப்பது பெரிய ரோதனை.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. வெளியார் கண்காணிப்பு இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, கரன்ட்டையும் பேட்டரியையும் கழற்றி மறுபடி கொடுங்கள். உள்ளே ரிலே வேகமாகப் பல முறை டிக் டிக் என்று அடித்தால், மாட்டிய கம்பெனி இன்ஸ்டாலர் கோடை (பேனலின் செட்டிங்குகளை மாற்றும் கோட்) பூட்டியிருக்கிறது, ரீசெட் ஆகாது. அப்போதும் வயரைத் தொடாதீர்கள். பழைய பிசி1832 போர்டு மட்டும் தேடி வாங்கி மாற்றுங்கள், இருக்கும் கீபேடே வேலை செய்யும். பின்னால் வந்த நியோ போர்டு வாங்கினால் கீபேடையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.