உள்குழாய்க்கு நூறு, லிஃப்டருக்குப் பூஜ்யம்

பல்லாவரம் சார்னோகைட் பாறையில் துளையிடும்போது, மேலே சிதைந்து கிடக்கும் சில மீட்டர்தான் என் தலைவலி. பழைய ஒற்றைக் குழாயில் அங்கே உருளையான பாறை மாதிரி (கோர்) எடுத்தால் பெட்டியில் ஜல்லிதான் இருக்கும். 10 செ.மீ.க்கு மேல் ஒரு துண்டும் தேறாது; பிறகு ஆர்.க்யூ.டி.யை, அதாவது அந்த நீளத் துண்டுகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாறையின் தரம் சொல்லும் கணக்கை, எதை வைத்துப் போடுவது?

ஆகவே லேத் பட்டறை ஒன்றில் என்.எக்ஸ். என்ற நிலையான அளவில், கோரை உள்ளே வாங்கிக்கொள்ளும் இரட்டைக் குழாய் கோர் பேரல் செய்து வாங்கினேன். துளை 75.7 மி.மீ., கோர் 54.7 மி.மீ. தலைப்பகுதி பேரிங்கைக் குறை சொல்ல முடியாது. வெளிக்குழாய் எவ்வளவு சுற்றினாலும் உள்குழாய் அசைவதில்லை. தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்குவதால் கோர் அரிபடுவதும் இல்லை. முதல் முறை 1.5 மீட்டர் துளையிட்டதிலேயே 1.38 மீட்டர் கோர் கைக்கு வந்தது. உதவியாளர் பெட்டியில் அடுக்கிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் சிரிப்பு போய்விட்டது. குழாயைத் தூக்கினால் உள்ளே காலி. கோர் அடியிலேயே நிற்கிறது, அரை நாள் வீண். கோரைக் கவ்வித் தூக்கும் லிஃப்டரைக் கழற்றிப் பார்த்தேன்; அது ஒரு கூம்பு உறைக்குள் உட்காரும் வளையம். வளையத்தின் கூம்புச் சரிவும் உறையின் சரிவும் ஒன்றல்ல. விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. பிறகு கோரை எப்படி இறுக்கும்?

பட்டறைக்காரர், "கிரீஸ் தடவிப் பாருங்கள் அண்ணே" என்றார். கிரீஸ் தடவினால் சரிவு மாறுமா?

வேறு இடத்தில் வளையமும் உறையும் ஜோடியாகக் கடைந்து மாட்டினேன். அதன்பின் ஒரு கோரும் நழுவவில்லை. வாங்குபவர்கள் இரண்டையும் கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.