குழந்தை அசிங்கத்தை விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைப்பதா, துடைத்துவிட்டுக் கவனிப்பதா?

நடை பழகும் குழந்தையின் வாயில் பல்லி எச்சமோ, கோழி எச்சமோ, டயப்பரிலிருந்து வழிந்த சொந்த மலமோ போய்விட்டால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். விரலை விட்டு வாந்தி எடுக்க வை, வசம்பு உரைத்துக் கொடு, பூச்சி மாத்திரை கொடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. இவற்றைவிட முதல் ஒரு மணி நேரத்தில் பலன் தருவது சின்ன வேலைதான்: வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியது என்ன என்று கண்டுபிடிப்பது.

வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம். விரலை விட்டால் நகம் பட்டு அண்ணமும் தொண்டையும் கிழியும். வாயில் மிச்சமிருப்பது இன்னும் உள்ளே தள்ளப்பட்டு மூச்சை அடைக்கலாம். வாந்தி வந்தாலும் விழுங்கியது முழுசாக வெளியேறாது. அந்த வாந்தி நுரையீரலுக்குள் புகுந்துவிட்டால் நிமோனியா வரை போகும். உப்புத் தண்ணீர் புகட்டுவது இன்னும் மோசம். ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 6 கிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த அளவே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பை வரவழைக்கலாம், உயிருக்கும் ஆபத்து. ஒரு சிட்டிகை எச்சத்துக்காக இறங்கக்கூடிய ஆபத்து அல்ல இது.

துடைப்பதிலும் முறை உண்டு. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றிக் கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கின் முன்பாதி என்று துடைத்தெடுங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்க வேண்டும், தெரியாததைத் துழாவக் கூடாது. இந்த வயதில் கொப்பளித்துத் துப்பத் தெரியாது என்பதால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று மடக்கு கொடுத்தால் போதும். பிறகு சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், நக இடுக்கு உட்பட. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நகத்தில் ஒட்டியது அடுத்த நிமிடமே மறுபடி வாய்க்குப் போய்விடும்.

வசம்பும் விளக்கெண்ணெயும் கிருமியை ஒன்றும் செய்யாது. வசம்பே வாந்தியைக் கிளப்பும், விளக்கெண்ணெய் பேதியாக்கும். அப்புறம் வாந்தியும் பேதியும் கிருமியால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.

விழுங்கியது எது என்பதுதான் அடுத்த முடிவையெல்லாம் தீர்மானிக்கும். குழந்தையின் சொந்த மலம் அதன் குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமிதான். பெரும்பாலும் எதுவும் ஆகாது. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் எச்சத்திலும் கோழி எச்சத்திலும் கவலைப்பட வேண்டியது சால்மோனெல்லா என்ற கிருமி. அது 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் காய்ச்சல், பேதியாக வெளிப்படும், ஆகவே ஒரு வாரம் கண் வைத்திருங்கள். நாய் மலத்தில் நாய் உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம், ஆனால் அவை தொற்றும் நிலைக்கு வர மண்ணில் சில வாரங்கள் கிடக்க வேண்டும். அதனால் இந்தப் புழுவைப் பொறுத்தவரை புதிதாகக் கிடக்கும் கழிவைவிட, நாய் வழக்கமாக அசிங்கம் செய்யும் இடத்து மண்தான் மோசம். அடுத்தவர் மலமோ சாக்கடைத் தண்ணீரோ என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டைபாய்டு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியை விழுங்கிய இரண்டு வாரத்துக்குள் போட்டால் பலன் உண்டு.

பூச்சி மாத்திரையை அன்றே கொடுப்பதில் லாபமில்லை. அந்த மாத்திரையான அல்பெண்டசோல் குடலில் வளர்ந்த புழுவைக் கொல்வது. விழுங்கிய மனித உருண்டைப்புழு முட்டை வளர்ந்த புழுவாக 2, 3 மாதம் ஆகும். அங்கன்வாடியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுப்பதைத் தவறவிடாதீர்கள்: 1 முதல் 2 வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400. பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், முழு மாத்திரை தொண்டையில் சிக்கும். முன்னெச்சரிக்கை என்று வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பதும் வேண்டாம். அதனாலேயே பேதி வரலாம்.

பேதி தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்குவதால்தான் உப்பு கூடியோ குறைந்தோ போகிறது. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். கரைசல் 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்குக் கூடாது. மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அசிங்கத்தோடு ரசாயனமும் சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. கழிப்பறைத் தண்ணீரில் ஆசிட் அல்லது பினாயில், அலமாரி மூலையில் அந்துருண்டை, எலி மருந்து, குப்பையில் கிடந்த பட்டன் பேட்டரி என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே கிளம்புங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. பாட்டிலையோ மிச்சத்தையோ கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்கு விழுங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.