பரங்கிமலை மாதா கோவில்: சும்மா உட்கார ஓர் இடம்

சென்னையில் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கடவுள் முன்னால் உட்கார இடம் வேண்டுமென்றால் என் ஓட்டு பரங்கிமலைக்குத்தான். சுமார் 300 அடி உயரம், உச்சிவரை வண்டி போகும், ஆனாலும் படியேறிப் போங்கள், மூச்சு வாங்கும்போதே பாதிப் பேச்சு அடங்கிவிடும். 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய சின்னக் கோவில். பீடத்தில் பழைய கற்சிலுவை, அதைச் சுற்றி பஹ்லவி, அதாவது பழங்காலப் பாரசீக நாட்டு எழுத்து. வார நாள் காலையில் கடைசி பெஞ்ச் காலியாக இருக்கும். முதலில் மனசு வீட்டுக் கடன், கேஸ் சிலிண்டர் என்று அலையும்தான், அலையட்டும். ஜெபத்தைக் கடகடவென்று ஒப்பிக்காமல் சும்மா இருந்தால் அதுவாகவே அடங்கி, அவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நிம்மதி வருகிறது. மீனம்பாக்கம் விமானச் சத்தம் மட்டும் தவிர்க்க முடியாது. ஞாயிறு வேண்டாம், கூட்டம். அப்புறம், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.