ஏர்போர்ட் டாக்ஸிக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க, எனக்கு 4,200 ரூபாய் போச்சு

நேத்து ராத்திரி நடந்தது. இன்னும் தூங்கல. எழுதிட்டுத்தான் படுக்கணும்.

அக்கா பிரசவத்துக்காக மூணு மாசம் மும்பைல இருந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். ஃபிளைட் சென்னைக்கு ராத்திரி 11:20-க்கு. அங்கேர்ந்து விழுப்புரம் போகணும். அம்மாவுக்கு முட்டி வலி, பஸ்ல ஏறி இறங்க முடியாது. அதனால வெளியூர் டாக்ஸி புக் பண்ற ஒரு வெப்சைட்ல ரெண்டு நாள் முன்னாடியே வண்டி போட்டேன்.

அட்வான்ஸ் 500 போதும்னுதான் போட்டிருந்தது. பத்து நிமிஷத்துல அங்கேர்ந்து ஒருத்தர் போன் பண்ணார். "பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி மூணு டோலும் எங்க பொறுப்பு சார். டிரைவர் பேட்டா, நைட் சார்ஜ் எதுவும் தனியா கிடையாது. முழுசா கட்டிட்டீங்கன்னா வண்டி கன்ஃபார்ம்." டோல் பேரை வரிசை மாறாம சொன்னதும் இந்த ரூட்ல நிஜமா வண்டி ஓட்டுறவங்கன்னு நம்பிட்டேன். அம்மாவுக்கு முட்டி வலின்னதும், "அப்ப முன் சீட்டைப் பின்னாடி தள்ளிப் போடச் சொல்றேன் சார்"னார். அதுக்கப்புறம் யோசிக்கவே இல்ல. 4,200 ரூபாயும் யூபிஐ-ல அனுப்பிட்டேன்.

இறங்கினதும் டிரைவர் நம்பருக்குப் போட்டேன். "உள்ள வந்தா பார்க்கிங் காசு ஆகும்ணா, திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்துடுங்க." ஆப் வண்டி எல்லாம் எதிர்ல இருக்கிற பல அடுக்கு பார்க்கிங்லதான் ஏத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போனேன். மூணு பெட்டி, கால் தாங்கி நடக்கிற அம்மா. ரோட்டுக்கு வந்து திரும்பக் கூப்பிட்டா போன் ஸ்விட்ச் ஆஃப்.

12:40 வரைக்கும் நின்னோம். அம்மா பெட்டி மேல உக்காந்துட்டு, "வந்துடுவான்டா, டிராஃபிக்கா இருக்கும்"னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல ஜிஎஸ்டி ரோட்ல ஏது டிராஃபிக்!

கஸ்டமர் கேர்ல முதல் பொண்ணு, "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் சார், 72 மணி நேரம்." ரெண்டாவது ஆள், "டிரைவர் எங்க ஸ்டாஃப் இல்ல, வெண்டார்கிட்ட பேசுங்க." வெண்டார் நம்பர் கேட்டா தரமாட்டாங்களாம். காலைல மூணாவது ஆள் சொன்னதுதான் தாங்கல: "டிரைவர் 45 நிமிஷம் வெயிட் பண்ணார், நீங்க வரல, சிஸ்டம்ல நோ-ஷோன்னு இருக்கு. ரீஃபண்ட் கிடையாது." நான் 14 தடவை கூப்பிட்ட கால் லிஸ்ட்டை அனுப்பினேன். பாத்துட்டாங்க, பதில் இல்ல. 4,200 ரூபாய் சார், சும்மா வந்த காசு இல்ல.

ராத்திரியே கடைசில ஆட்டோ பிடிச்சு கிளாம்பாக்கம் போய், எந்த பஸ்ஸுல ஏற முடியாதுன்னு வண்டி போட்டேனோ அதே பஸ்ஸுல அம்மாவை ஏத்தினேன். வீடு சேரும்போது விடியக்காலை 4 மணி தாண்டிடுச்சு. இன்னைக்கு அவங்களால எழுந்திரிக்க முடியல.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னு உக்காந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருது. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. ராத்திரி இறங்கினா டெர்மினல்ல இருக்கிற ப்ரீபெய்டு கவுண்டர்லயே கேளுங்க. டிரைவர் வெளிய வரச் சொன்னா போகாதீங்க, வண்டியைக் கண்ணால பாக்காம ஏர்போர்ட்டை விட்டு நகராதீங்க. மஞ்சள் போர்டு இருக்கான்னு பாருங்க. எல்லா போனையும் ரெக்கார்ட் பண்ணுங்க, நான் பண்ணல.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்தாச்சு. அதுல நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. விழுப்புரத்துலயே போடப் போறேன். வெளியூர் வண்டிக்கு முழுசா கட்டி இதே மாதிரி "நோ-ஷோ"ன்னு கை விரிச்சது வேற யாருக்காவது நடந்திருந்தா சொல்லுங்க, சேர்ந்து போடலாம்.